உப்பு தின்ற கேபின்

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் புகுந்தபோது எங்கள் டாட்டா 407 லாரி அங்கே தெரிந்தவர் ஒருவரின் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கதவில், கைப்பிடிக்கு நாலு விரல் கீழே வண்டல் கோடு. கைப்பிடியைப் பிடித்து இழுத்ததும் கதவு திறந்தது. ஆனால் அதன் கீழ்விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு அப்பளம் மாதிரி நொறுங்கித் தரையில் விழுந்தது.

வண்டி 1994 மாடல். அப்பா புதிதாக எடுத்தது. முதல் பன்னிரண்டு வருஷம் ஆறுமுகநேரியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி கடைகளுக்கு உப்பு மூட்டை. அதற்கப்புறம் களக்காட்டிலிருந்து நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார். அப்பா போன பிறகும் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது அது ஓடினால்தான் எங்கள் வீட்டுக்கும் ஓடும்.

எஞ்சின் பிழைத்துக்கொண்டது. ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறவில்லை. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், டீசல் எல்லாவற்றையும் இறக்கி, இரண்டு தடவை மாற்றி, வீல் பேரிங் கழுவி கிரீஸ் வைத்ததோடு அந்த வேலை முடிந்தது. 1986-இல் 407 வந்தபோது போட்டிக்கு இருந்தவை ஜப்பான் கூட்டில் வந்த சின்ன லாரிகள். இன்றைக்கு அவற்றில் பலவற்றுக்கு ஒரு கேஸ்கெட் தேடுவதே பெரும்பாடு. 407-இன் 2956 சிசி எஞ்சினுக்கோ பைபாஸில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும். ஆகவே வண்டியை வைத்துக்கொள்வதா என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. கேபினை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மூன்று யோசனை வந்தது. ஸ்பேர்ஸ் கடைக்காரர் புதுக் கேபின் வாங்கச் சொன்னார். விசாரித்தால் இப்போது வருவது வேறு மாதிரி. டேஷ்போர்டு, ஹெட்லைட், வயரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். சொந்தக்காரர் ஒருவர், பாடி கட்டுபவரிடம் கொடுத்து மரச்சட்டம் போட்டுக் கேபின் கட்டச் சொன்னார். பழைய லாரிகளில் அது சாதாரணம்; கம்பெனி முகப்போடு சேஸிஸை மட்டும் வாங்கி, கேபினை இங்கே கட்டிக்கொள்வார்கள். ஆனால் 407 கம்பெனியிலிருந்தே முழு இரும்புக் கேபினோடு வந்த வண்டி. அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வருஷா வருஷம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, நிற்கிற வண்டியில் அந்த வம்பு எதற்கு? மூன்றாவது, பழைய இரும்புக் கடையில் நல்ல கேபினாகப் பார்த்து எடுத்து மாட்டுவது. சேஸிஸ் நம்பர் கேபினில் இல்லை, சேஸிஸ் சட்டத்தில் அடித்திருக்கிறது. அதனால் நம்பர் தொல்லை கிடையாது. எனக்கும் முதலில் இதுவே சரி என்று பட்டது.

தச்சநல்லூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டு போனேன். நாற்பது வருஷமாகத் தகடு அடிப்பவர். ஆசாமி வண்டியைச் சுற்றி வந்து பெயிண்டைப் பார்க்கவே இல்லை. "மேட்டைத் தூக்கு தம்பி" என்றார்.

ரப்பர் மேட்டைத் தூக்கியதும் ஒரு வாடை. மேட்டுக்கு அடியில் இருந்த கம்பளி ஃபெல்ட் முழுக்க நனைந்து, கறுத்து, கூழாகிக் கிடந்தது. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியும் அதைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதற்குக் கீழே தகடு இருந்த இடத்தில் துரு அடுக்கடுக்காக எழும்பி நின்றது. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். இரண்டு தகடு ஒட்டுகிற இடத்தில் உள்ளே துரு ஏறினால் அந்தப் பருமனே வெல்டிங்கைப் பிளந்துவிடும். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அது மண்ணில் இறங்குவது போல இறங்கி, தகட்டைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தது.

"போச்சு அண்ணாச்சி, மாத்திருவோமா?" என்றேன்.

"இது பலகை. பலகை போனா பலகையை மாத்து. தூணு எப்பிடி இருக்குன்னு பாக்காம வீட்டை இடிப்பியா?"

அன்று மத்தியானம் வரை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். கேபினில் எடை தாங்கும் இடங்கள் கொஞ்சமே. சேஸிஸ் மேல் ரப்பர் வைத்து உட்காரும் மவுண்டிங், அதைப் பிடித்திருக்கும் பெட்டிச் சட்டம், கதவுக் கீல் மாட்டியிருக்கும் முன்தூண், முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் படிச்சட்டம். மற்றதெல்லாம் வெயிலையும் மழையையும் மறைக்கிற தோல். தோலில் எத்தனை ஓட்டை இருந்தாலும் ஒட்டலாம். தாங்கும் இடத்தில் எத்தனை போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் மாற்றுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

சாக்பீஸ் எடுத்தார். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்று பேசும். செத்த தகடு நனைந்த அட்டையைத் தட்டியது போல 'தொப்'. தோல் போன இடத்தில் வெள்ளைக் கோடு, தாங்கும் இடம் போனால் சிவப்பு. முடிவில் எண்ணிப் பார்த்தால் வெள்ளை பதினேழு, சிவப்பு மூன்று: பின்பக்க மவுண்டிங் இரண்டு, இடது முன்தூணின் அடியும் அதை ஒட்டிய படிச்சட்டமும் சேர்த்து ஒன்று.

பின்பக்கம் ஏன் இப்படிப் போனது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்: "அப்பா உப்பு ஏத்துனாரோ?" ஈரமான உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர் பாடியின் முன்பலகை வழியாக இறங்கி, கேபினின் பின்சுவரில் வழிந்து, மவுண்டிங் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பின் மேல் காப்பாகப் படரும் மெல்லிய படலத்தையும் துளைத்துவிடும். வெள்ளம் வந்தது 2023-இல். கேபின் சாக ஆரம்பித்தது நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்.

அந்த வாரமே பழைய இரும்புக் கடை ஒன்றில் 407 கேபின் இருப்பதாகத் தகவல் வந்தது. 55,000 ரூபாய் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. தரை நன்றாக இருந்தது, கதவு இரண்டும் 'டப்' என்று மூடின. எனக்கு ஆசை வந்துவிட்டது. நல்லவேளை, அண்ணாச்சி கொடுத்துவிட்ட பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துணியில் சுற்றிக் கேபின் மேல் வைத்து நகர்த்தினால் தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். வலது முன்தூணில் முழங்கால் உயரம் வரை மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் விழுந்தது.

பிறகு டேப்பை எடுத்து முன்கண்ணாடிச் சட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு அளவு, மற்ற இரண்டு மூலைக்கும் ஒரு அளவு. சட்டம் நேராக இருந்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். அங்கே 14 மில்லி வித்தியாசம். எங்கேயோ மோதி, இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் கண்ணாடி மாட்டினால் முதல் பள்ளத்திலேயே கீறல் விடும். திரும்பி வந்து எங்கள் வண்டியில் அளந்தேன். 3 மில்லி. உப்புத் தின்று, வெள்ளம் குடித்து, முப்பது வருஷம் ரோட்டில் குலுங்கியும் சட்டம் கோணவில்லை.

அந்த 3 மில்லியைப் பார்த்ததும் முடிவெடுத்துவிட்டேன். மூன்று சிவப்பில் இரண்டு மவுண்டிங் பெட்டி. மடித்த தகட்டில் புதிதாகவே செய்துவிடலாம். மூன்றாவது, தூணின் அடியும் அதை ஒட்டிய படிச்சட்டமும் மட்டும். இரண்டு தூணும் போயிருந்தாலோ, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகள் இற்றிருந்தாலோ நான் எங்கள் கேபினுக்காக வாதாடியிருக்க மாட்டேன். அந்த இடங்களைக் கையால் மடித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவருவது மிகச் சிரமம். தூணின் அடியைக் கூட நாங்கள் மடிக்கவில்லை. அதே இரும்புக் கடையில் கிடந்த வேறொரு உடைந்த கேபினின் இடது தூணிலிருந்து ஒன்றரை அடி வெட்டி வாங்கினேன். கம்பெனி அச்சில் அடித்த துண்டு என்பதால் வளைவு தானாகப் பொருந்தியது. கூடவே ஒரு இடது கதவும்.

மாசி முதல் வாரம் வேலை தொடங்கியது. பேட்டரி ஒயரைக் கழற்றினோம், டீசல் டேங்கை இறக்கினோம், சீட்டு, ஃபெல்ட் என்று தீப்பிடிக்கிற எதுவும் உள்ளே இல்லாமல் எடுத்தோம். வெல்டிங் நடக்கிற இடத்தில் நனைந்த சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருந்தன.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். சும்மா இருப்பானேன் என்று கிரைண்டரை எடுத்து இடது படிச்சட்டத்தில் செத்த பகுதியை வெட்டிவிட்டேன். கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்கவில்லை. வெட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் புதுத் துண்டை வைத்து வெல்டிங் முடித்து, கதவை மாட்டிப் பார்த்தால் மூடவில்லை. வாசல் 6 மில்லி சுருங்கியிருந்தது. கீழே பிடிப்பு போனதும் கூரையின் எடை தூணை உள்ளே தள்ளியிருக்கிறது. வெல்டிங் ஆறும்போது அது இன்னும் இழுத்துவிட்டது. அண்ணாச்சி திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் வேலையை மறுபடி வெட்டி எடுத்தார். ஒரு அங்குலக் குழாயைக் கதவு வாசலுக்குள் மேலும் கீழும், மூலைக்கு மூலை குறுக்காகவும் வைத்து, அளவைப் பார்த்துப் பார்த்து ஜாக்கியால் தள்ளிச் சரிசெய்து, குழாயைப் புள்ளி வெல்டிங் வைத்த பிறகுதான் மறுபடி தொட்டார். வலது பக்கம் அந்தக் குழாய்கள் முதலிலேயே ஏறிவிட்டன. அங்கே கதவு முதல் தடவையே மூடியது.

தரைக்கு 18 கேஜ் சி.ஆர். தகடு. ஏறக்குறைய 1.2 மில்லி கனம். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று 28 கிலோ வரும். தரைக்கும் படிக்கும் பின்சுவரின் அடிக்கும் சேர்த்து இரண்டு ஷீட் ஆனது. மேல்பக்கம் மேடு மேடாக அச்சடித்த செக்கர் பிளேட் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று பட்டறைக்கு வந்தவர் ஒருவர் சொன்னார். அது 3 மில்லி. சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்கு மேல் எடை. கனத்தை விட எனக்குப் பயம், அதை வழக்கமாகப் போடும் விதத்தில். இற்ற தரையை எடுக்காமல் அதன் மேலேயே படுக்க வைத்து நாலு ஓரமும் வெல்டிங் வைத்துவிடுவார்கள். நடுவில் நிற்கும் தண்ணீர் எங்கே போகும்? இன்னொருவர் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு சொன்னார். அதை வெல்டிங் வைத்தால் துத்தநாகம் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையை இழுத்தவனுக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும். மூடிய பட்டறையில் அது வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

பழைய தரையில் வரிவரியாக அச்சு இருக்கும். அது அழகுக்கு இல்லை, தகடு விறைப்பாக நிற்பதற்கு. தட்டைத் தகட்டை அப்படியே வைத்தால் வண்டி ஓடும்போது தகர டப்பா மாதிரி அதிரும். அண்ணாச்சி தரையில் இரண்டு கம்பியை இணையாக வைத்து, மேலே தகட்டை வைத்து, நடுவில் மூன்றாவது கம்பியால் அடித்து அடித்து வரி இறக்கினார். ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். மொத்தம் ஐந்து வரி. பக்கத்தில் உட்கார்ந்து தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை அன்று ராத்திரி வரை நடுங்கியது.

மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங் சரிப்படாது, ஓட்டை விழும். கேஸ் வெல்டிங் அகலமாகச் சூடேற்றித் தகட்டை நெளித்துவிடும். சி.ஓ.டூ. வெல்டிங்கில் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு நடுவில் ஒன்று என்று போனோம். ஒட்டுத் துண்டின் மூலைகளை எல்லாம் வட்டமாக வெட்டினோம். கூர்மூலையில்தான் பின்னால் கீறல் ஆரம்பிக்கும். துருவை வெட்டும்போது கறுப்பு முடிந்து வெள்ளி மாதிரி மின்னும் இடம் வந்த பிறகும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டினோம். மிச்சம் பிடிக்கலாமே என்று எனக்கு மனது அடித்துக்கொள்ளும். ஆனால் இற்ற ஓரத்தில் வைத்த வெல்டிங் நிற்காது.

வெல்டிங் முடிந்ததும் உடனே பிரைமர் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சி ஹோஸை என் கையில் கொடுத்தார். "உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தான் ஆகணும் தம்பி. கேபினுக்கும் அதுதான்."

துருவை எவ்வளவு சுரண்டினாலும் அதன் குழிகளுக்குள் உப்பு இருந்துகொண்டே இருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் உப்பு பெயிண்ட் வழியாக ஈரத்தை இழுத்து, அடியில் கொப்புளம் விடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி என்று மூன்று நாள் ஓடியது. மிச்சமிருந்த படிச்சட்டத்துக்குள் ஹோஸை விட்டபோது முதல் நாள் வந்தது தாமிரபரணி வண்டல், காப்பிப்பொடி மாதிரி மையாக. இரண்டாம் நாள் வண்டலோடு கறுத்த சாக்கு நார். மூட்டையிலிருந்து உதிர்ந்த பழைய சணல் நார், அப்பா காலத்தது. அதை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிவாக வந்தது. கழுவியதும் தகடு இலேசாகச் செம்மை பூக்கும். பங்குனி வெயில் பளீரென்று அடித்ததால் அதை உப்புத்தாள் போட்டு எடுக்க அரை மணி நேரம்தான் ஆனது.

பிரஷ் எட்டாத தூணின் உட்புறத்துக்கு அண்ணாச்சி கடுக்காயைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தைத் தூரிகையால் தடவினார். கடுக்காயில் உள்ள டானின் துருவோடு சேர்ந்து கறுப்பாகிவிடும். பழைய காலத்தில் எழுதுவதற்கு மை செய்ததும் இந்த வழியில்தான். லேசான துருவுக்கு மட்டும் இது உதவும், அதுவே பெயிண்ட் ஆகாது. காய்ந்த பிறகு மேலே பிரைமர் கட்டாயம் வேண்டும். மூட்டு ஓடும் இடமெல்லாம் சீலர், பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டு. பெட்டிச் சட்டங்களுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் அடித்தோம். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. அதில் புழுதி ஒட்டிச் சேறாகி, அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதை எங்கள் பழைய தரையிலேயே பார்த்துவிட்டேன்.

ஆனி பிறந்தால் மேற்கே குற்றாலத்துச் சாரல் காற்று வரும், ஈரம் ஏறும், ஆடியில் புழுதி வேறு. அதற்குள் மேல்பெயிண்ட் முடிய வேண்டும் என்று வைகாசிக்குள் அடித்து முடித்தோம். ஆர்.சி.யில் இருக்கிற அதே காவி நிறம்தான், மாற்றவில்லை.

முன்கண்ணாடி மாட்டுவது பார்க்க அழகான வேலை. பீடிங் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, சட்டத்தில் உட்காரும் பள்ளத்துக்குள் நைலான் கயிற்றைச் சுற்றி வைத்து, நுனியைக் கேபினுக்குள் விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பரின் உதடு ஒவ்வோர் அங்குலமாகச் சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். கயிற்றை நான்தான் இழுத்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கூலி, தகடு, தூண் துண்டு, கதவு, பெயிண்ட், ரப்பர் எல்லாம் சேர்த்து 81,000 ரூபாய். அந்த நீலக் கேபின் விலையை விட 26,000 அதிகம். ஆனால் அதற்கும் தூண் வெட்டி, சட்டம் நிமிர்த்தி, பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். நான்கு மாதம் வண்டி ஓடாத நட்டம் தனி. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இதே முடிவுதான் எடுத்திருப்பேன்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை ஒரு ராத்திரி முழுக்க அடித்தது. காலையில் போய் மேட்டைத் தூக்கினேன். இந்தத் தடவை ஃபெல்ட் போடவில்லை, வெறும் ரப்பர்தான். தரை காய்ந்திருந்தது, இடது முன்மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். பீடிங்கை ஓரத்தில் நெம்பிப் பார்த்தால் சீலர் ஒரு விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. காயவைத்துத் திரும்ப அடைத்தேன், அடுத்த மழையில் அங்கே ஈரம் இல்லை. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இரண்டிரண்டு இருக்கின்றன. பழைய கதவில் அவை பெயிண்டாலும் வாழைச் சருகாலும் அடைபட்டுத்தான் அடி இற்றது. இப்போது டேஷ்போர்டு மேல் ஒரு தென்னை ஈர்க்கு கிடக்கிறது. லோடு இறக்கிவிட்டு வந்ததும் நாலு துளையிலும் அதை ஒரு தடவை விட்டு எடுக்கிறேன்.